பழைய காரில் எண்ணெய்க் கசிவு: அஞ்சவும் வேண்டா, அசட்டையும் வேண்டா

தறியோசை ஓயாத காஞ்சி நகரிலும், அதனை அடுத்த ஏனாத்தூர் போன்ற ஊர்களிலும், புதிய கார்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் சில வீடுகளின் வாயிலில் பழைய கார் ஒன்று நிற்கக் காணலாம். கடன் தீர்ந்து, குடும்பத்திற்கு முழுச் சொந்தமாகிவிட்ட வண்டி அது. பட்டுச் சேலைகளைக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குத் திருமணத்திற்குப் போய் வருவதற்கும் அவ்வண்டியே உதவுகிறது. அதனைச் சற்றே நகர்த்திப் பார்த்தால், சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்திற்குக் கரிய கறை ஒன்றும் தென்படும்.

அக்கறையைக் கண்டதும் இல்லத்தில் இரு வகைக் குரல்கள் எழுவது வழக்கம். “வண்டியின் காலம் முடிந்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்” என்பது ஒரு குரல். “பழைய வண்டியென்றால் ஒழுகத்தான் செய்யும், ஊற்றி ஊற்றி ஓட்டலாம்” என்பது மற்றொரு குரல். முதலாவது அச்சத்தின் குரல். இரண்டாவது அசட்டையின் குரல். அச்சம் கைப்பொருளை வீணாக்குகிறது. அசட்டையோ சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கிறது. இவ்விரண்டையும் விடுத்து, கசிவது எது, கசிவது எங்கே, கசிவது எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளை முறையாகக் கேட்டு விடை காண்பதே அறிவுடைமை. இதற்குப் பெரும் பொறியியல் புலமை தேவையில்லை. கண்ணும், பழைய செய்தித்தாளும், சிறிது பொறுமையும் போதும்.

ஏன் கசிகிறது?

இன்ஜின் என்பது ஒரே வார்ப்பில் உருவான பொருளன்று. பல பகுதிகளைப் போல்ட்டுகளால் பிணைத்தே அதனை அமைக்கின்றனர். உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். அதனை அடைப்பதற்காகத் தக்கை, தடித்த காகிதம், ரப்பர் முதலியவற்றாலான பாக்கிங்குகளை இடையில் வைக்கின்றனர். சுழலும் தண்டுகள் வெளியே வரும் இடங்களில் ‘ஆயில் சீல்’ என்னும் வளையத்தைப் பொருத்துகின்றனர். இன்ஜின் ஓடும்போது சூடேறி விரிகிறது; நிற்கும்போது ஆறிச் சுருங்குகிறது. இவ்வாறு பல ஆண்டுகள் நிகழ்ந்தபின் தக்கை உலர்ந்து சுருங்குகிறது. ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது. அப்போது எண்ணெய் தனக்கொரு வழியைக் கண்டுகொள்கிறது.

இஃது எல்லாக் கார்களுக்கும் பொதுவான காரணம். ஆனால் நம் நாட்டுப் பழைய கார்களில் தலையாயதாகிய அம்பாசடருக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் இறுதியில் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அத்தயாரிப்பு 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அக்காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது.

இவ்வரிசையின் பழைய இன்ஜின்களில், கிராங்க் தண்டின் பின்முனையில் இன்றைய கார்களில் உள்ளது போன்ற ரப்பர் சீல் கிடையாது. அதற்கு மாறாக, தண்டின் மீது திருகின் மரையைப் போன்ற பள்ளம் ஒன்றை வெட்டியிருந்தனர். தண்டு சுழலும்போது, வெளியேற முயலும் எண்ணெயை அந்த மரை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். சுழற்சி நின்றதும் மரையின் பணியும் நின்றுவிடும். அப்போது எஞ்சியிருக்கும் எண்ணெய் சில துளிகளாய்க் கீழே சொட்டும். ஆகவே இத்தகைய இன்ஜின் கொண்ட அம்பாசடர், ஓடி வந்து நின்றபின் பின்புறத்தில் ஓரிரு துளி சொட்டுவது நோயன்று. அதன் அமைப்பின் இயல்பு. இவ்வுண்மையை அறியாதவர்கள், இல்லாத நோய்க்கு மருந்து தேடிப் பெரும்பொருள் செலவிட நேரும்.

பிற்காலக் கார்களுக்கு இச்சலுகை இல்லை. 1983-இல் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, நம் பகுதியை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் உருவான சான்ட்ரோ போன்றவை முறையான சீல்களோடு அமைந்தவை. அவை சொட்டினால், ஏதோ ஒரு பாக்கிங்கோ சீலோ முதுமையடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதற் கேள்வி: கசிவது எது?

இரவில் காரை நிறுத்தியபின், இன்ஜின் முதல் பின்சக்கரம் வரை செய்தித்தாள்களையோ பழைய அட்டைகளையோ கீழே விரித்து வையுங்கள். அவற்றின் மீது முன்சக்கரம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். விடிந்ததும் கறையின் நிறமும் இடமும் தாமே பேசும்.

தேன் நிறத்திலோ கரிய நிறத்திலோ வழுவழுப்பாக இருந்தால் அது இன்ஜின் ஆயில். கெட்டியாகவும், கந்தகம் போன்ற கடும் நெடியுடனும் இருந்தால் அது கியர் ஆயில். கியர் பெட்டிக்குக் கீழேயோ, பின்சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் பின் அச்சின் நடுவிலோ அதனைக் காணலாம். பச்சையாகவோ சிவப்பாகவோ துரு நிறத்திலோ நீர்த்தன்மையுடன் இருந்தால் ரேடியேட்டர் நீர். குளிர்சாதனம் உள்ள கார்களில் தெளிந்த நீர் மட்டும் சொட்டினால் அதனால் தீங்கில்லை. பெட்ரோல் வாடை வீசினால், வண்டியைக் கிளப்பாமலும் அருகே நெருப்பு வராமலும் காத்து, மெக்கானிக்கை வீட்டிற்கே அழைப்பது நலம்.

இவை அனைத்திலும் கொடியது பிரேக் ஆயிலின் கசிவு. வெளிர் மஞ்சள் அல்லது இளந்தேநீர் நிறத்தில், நீர்போல் மெல்லியதாக, சக்கரத்தின் உட்புறத்திலோ பிரேக் பெடலுக்கு அருகிலோ அது தென்படும். சோதித்தறிய எளிய வழி உண்டு. விரலில் பட்டதைத் தண்ணீரில் கழுவினால் பிரேக் ஆயில் நீருடன் கலந்து போய்விடும். இன்ஜின் ஆயில் நீரோடு ஒட்டாமல் விரலிலேயே நிற்கும். கசிவது பிரேக் ஆயிலென ஐயம் எழுந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடத் தாழ இறங்கினாலோ, மெத்தென்று பஞ்சுபோல் இருந்தாலோ, வண்டியை ஓர் அடியும் ஓட்டலாகாது. “பட்டறை வரையில் மெதுவாகப் போய்விடலாம்” என்னும் எண்ணமே பெருங்கேட்டிற்கு வித்து. ‘எண்ணெய்தானே கசிகிறது’ என்று அனைத்தையும் ஒன்றாக எண்ணுவதன் ஆபத்து இதுவே.

இரண்டாம் கேள்வி: கசிவது எங்கே?

கறை விழுந்த இடத்திற்கு நேர் மேலேதான் கசிவு இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. எண்ணெய் மேலே ஓரிடத்தில் கசிந்து, இன்ஜினின் பக்கங்களில் வழிந்து, அடியில் வேறோர் இடத்தில் சொட்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனைப் பின்னோக்கியும் தள்ளும். எனவே நனைந்திருக்கும் பகுதிகளுள் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ள இடமே ஊற்றுக்கண் என்பது பொதுவிதி.

இதனைக் காண்பதற்கு முதலில் இன்ஜின் தூய்மையாக இருக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியபின், சிறிது மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு அழுக்கை நீக்கி, துணியால் துடைத்து முற்றிலும் உலரவிடுங்கள். மின்கம்பிகள் மீது மண்ணெண்ணெய் படாமலும், அருகில் விளக்கோ பீடியோ இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர், ஐயத்திற்குரிய இடங்களில் வீட்டில் குழந்தைகளுக்குப் பூசும் முகப்பவுடரைச் சிறிது தூவுங்கள். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து பானட்டைத் திறந்து பார்த்தால், வெண்பொடியின் மீது எண்ணெய் ஓடிய தடம் கோடு இழுத்தாற்போல் தெரியும்.

பெரும்பாலும் குற்றவாளியாக நிற்பது இன்ஜினின் தலைப்பகுதியை மூடியிருக்கும் டாப்பெட் கவரின் பாக்கிங். இதனை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. அதன் கசிவை நெடுநாள் விட்டுவைத்தால், சூடான புகைபோக்கிக் குழாய் மீது எண்ணெய் வழிந்து புகையும் நாற்றமும் உண்டாகும், தீப்பற்றவும் கூடும். ஆயில் மாற்றிய சில நாட்களுக்குள் கசிவு தோன்றினால், முதலில் ஐயுற வேண்டியவை இரண்டு. ஒன்று, அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கின் வாஷர். மற்றொன்று, ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிட, கவனியாமல் அதன்மேல் புதிய ஃபில்டரைப் பொருத்திவிடுவதும் உண்டு. அப்போது துளியாக அன்றி, அருவியாகவே எண்ணெய் வெளியேறிவிடும்.

எண்ணெய் கசிகிறது என்றவுடன் ஸ்பேனரை எடுத்து, கைகொண்ட மட்டும் இறுக்குவோர் பலர். தக்கைப் பாக்கிங் அளவுக்கு மீறி நசுக்கப்பட்டால் பிதுங்கிக் கிழிந்துவிடும்; மெல்லிய தகட்டு மூடி போல்ட்டைச் சுற்றி வளைந்துவிடும். அதன்பின் புதிய பாக்கிங் வைத்தாலும் கசிவு நிற்காது. எதிரெதிரான போல்ட்டுகளை மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

இன்னொரு மறைவான காரணமும் உண்டு. இன்ஜினின் உள்ளே சேரும் வாயு வெளியேறுவதற்கு ‘பிரீதர்’ என்னும் மூச்சுக்குழாய் இருக்கிறது. அது அழுக்கால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். அக்குழாயைத் தூய்மை செய்த அளவிலேயே கசிவு குறைந்துவிடுவது உண்டு. ஆதலால் பெருஞ்செலவுக்கு உடன்படுமுன் பிரீதரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இச்சோதனைகளுக்காக எவரும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே புகுதல் ஆகாது. செங்கல் அடுக்கும் நம்பத்தக்கதன்று. பாரம் தாங்காமல் நொறுங்கிவிடக்கூடும். அடியில் பார்க்க வேண்டிய வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: கசிவது எவ்வளவு?

அஞ்சுவதா, பொறுப்பதா என்பதைத் தீர்மானிப்பது இக்கேள்வியே. ஒரு மில்லி லிட்டருக்கு முப்பது துளி என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். இரவு முழுவதற்கும் ஐந்து துளி விழுந்தால், மாதம் முழுவதும் சேர்ந்தாலும் 150 துளிகள். அதாவது ஐந்து மில்லி லிட்டர். ஒரு தேக்கரண்டி அளவே அது! அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆனால் நிமிடத்திற்கு ஒரு துளி ஓயாமல் விழுமாயின், நாளொன்றுக்கு 1440 துளிகள். ஏறத்தாழ 48 மில்லி லிட்டர். ஒரு மாதத்தில் அது ஒன்றரை லிட்டரை நெருங்கிவிடும். அம்பாசடர் போன்ற வண்டியின் இன்ஜின் கொள்ளும் எண்ணெயே நான்கு லிட்டர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓசையின்றிப் போய்விடுகிறது! கண்ணுக்கு இரண்டும் ‘சொட்டுதல்’தான், கணக்கில் அவை மலையும் மடுவும்.

தரையில் விழும் துளிகளை எண்ணினால் மட்டும் போதாது. ஓடும்போது கசிவது நம் கண்ணில் படுவதில்லை. எனவே வாரம் ஒருமுறை, காலையில் வண்டியைக் கிளப்புமுன், சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். முதலில் எடுத்துத் துடைத்துவிட்டு, மீண்டும் செலுத்தி எடுத்த பின்னரே அளவைக் காண வேண்டும். தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், எண்ணெய்மட்டம், ஊற்றிய அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மாதக் குறிப்பு, எந்த மெக்கானிக்கின் ஊகத்தைவிடவும் தெளிவாகப் பேசும். படிக்கும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவர்களுக்கும் நல்ல பயிற்சியாகும்.

எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் தாழ்ந்திருந்தால் நிரப்பாமல் ஓட்டலாகாது. அதற்காக மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. மிகுந்த எண்ணெயைக் கிராங்க் தண்டு கடைந்து நுரையாக்கும். சீல்களின் வழியே கசிவும் கூடும். ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், சாலையோரம் ஒதுங்கி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அந்நிலையில் சில நிமிடங்கள் ஓட்டினாலும் பேரிங்குகள் தேய்ந்து, நூறுகளில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரங்களாகிவிடும்.

எதனை எப்போது பழுதுபார்ப்பது?

டாப்பெட் கவர், ட்ரெயின் பிளக், ஃபில்டர் போன்ற எளிய கசிவுகளை உடனே சரி செய்துவிடலாம். கிராங்க் தண்டின் பின்முனைக் கசிவு அத்தகையதன்று. அதனைத் தொடுவதற்குக் கியர் பெட்டியையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பொருளின் விலை சிறிது, கூலியோ பெரிது. ஆகவே துளிகள் சிலவேயாயின், கீழே ஒரு தகரத் தட்டில் மரத்தூளையோ மணலையோ பரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். கிளட்ச் தட்டு மாற்றும் காலம் வரும்போது, ஒரே கூலியில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணெய் கிளட்ச் தட்டில் பட்டு, இன்ஜின் இரைந்தும் வண்டி வேகமெடுக்காமல் வழுக்கத் தொடங்கினால் மேலும் காத்திருத்தல் கூடாது.

எண்ணெயின் தன்மையிலும் கவனம் தேவை. பழைய இன்ஜின்களுக்கு 20 டபிள்யூ 40 போன்ற சற்றே கெட்டியான எண்ணெய் பொருந்தும். புதிய கார்களுக்கென வந்துள்ள மிக மெல்லிய எண்ணெய், விலை மிகுந்ததாயினும், தேய்ந்த சீல்களின் வழியே எளிதில் கசிந்துவிடும். வண்டியின் கையேடு கூறும் தரத்தையே பின்பற்றுங்கள். கசிவை நிறுத்துவதாகக் கூறி விற்கப்படும் மருந்துப் புட்டிகள், இறுகிய ரப்பரைச் சிறிது காலம் மென்மையாக்கலாம். கிழிந்த பாக்கிங்கையும் அம்பாசடரின் மரையையும் அவை என்ன செய்ய இயலும்?

பட்டறைக்குச் செல்லும்போது, “எண்ணெய் ஒழுகுகிறது, பாருங்கள்” என்று மட்டும் கூறி வண்டியை விட்டுவராதீர்கள். தாளில் விழுந்த கறையையும் குறிப்பேட்டையும் காட்டுங்கள். கசியும் இடத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்; மாற்றிய பழைய பாகத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நேர்மையான தொழிலாளி இதனை மகிழ்ந்து வரவேற்பார். பதினைந்து ஆண்டு நிறைந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டியிருப்பதால், இவ்வேலைகளை அதற்கு முன்னரே முடித்துக்கொள்வது நன்று.

நம் கிணற்று நீர்

இதுவரை கண்டது நம் வண்டியையும் நம் பணத்தையும் பற்றியது. கசிந்த எண்ணெய் போகும் இடமோ நம் எல்லோருக்கும் பொதுவானது. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்த நாடு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். மக்கள் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். வாயிலில் படிந்த எண்ணெயை மழை கழுவிச் சென்று தெருக் கால்வாயிலும் ஏரியிலும் சேர்க்கிறது. ஒருமுறை காரில் மாற்றும் பழைய எண்ணெய், பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கிறது.

பயன்படுத்திய எண்ணெய் நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதனைக் கால்வாயில் கொட்டுவதும், அடுப்பில் எரிப்பதும், சொறி பிடித்த நாய்க்குத் தடவுவதும் தீய வழக்கங்கள். நாய் அதனை நக்கி நஞ்சுண்ணும். நம் கையிலும் அது நெடுங்காலம் படலாகாது. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். தரைக் கறையின் மீது மரத்தூளையோ உமியையோ இரவில் தூவி, காலையில் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவித் தெருவில் விடாதீர்கள். பட்டுச் சேலை ஏற்றும் வண்டியில் எண்ணெய்க் கேனை டிக்கியில் சேர்த்து வைப்பதும் வேண்டா. பல நாள் உழைப்பில் உருவான சேலை, ஒரு துளிக் கறையால் விலைபோகாமல் நின்றுவிடும்.

நெசவாளர் காட்டும் வழி

நம் ஊர் நெசவாளர்களைப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், அவர்கள் பாவு முழுவதையும் அறுத்து எறிவதில்லை. அறுந்ததைக் காணாதவர் போல் மேலே நெய்துகொண்டு போவதும் இல்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிந்துவிட்டு, மீண்டும் நெய்கின்றனர். பழைய காரை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதுவே வழி. இன்றிரவே காரின் கீழே ஒரு செய்தித்தாளை விரியுங்கள். எது, எங்கே, எவ்வளவு என்று நாளைக் காலை பாருங்கள். வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அதன்பின் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.